காய்ச்சல் தாய்க்கு, பட்டினி பிள்ளைக்கா?

பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றில், பிள்ளை பெற்று இருபது நாளான பெண்ணுக்கு உடம்பு சுடுகிறது என்று வையுங்கள். அடுத்த அரைமணி நேரத்தில் அந்த வீட்டில் என்ன முடிவு எடுப்பார்கள் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. “உடம்பு அனலாக் கொதிக்குது, அந்தப் பாலைப் புள்ளைக்குக் குடுத்தா என்னாவும்? நாலு நாளைக்கு நிறுத்தி வை” என்பார் மாமியார். ஆயாவும் அதையே சொல்வார். மருந்துக்கடைக்குப் போன கணவர் காய்ச்சல் மாத்திரையோடு ஒரு பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் வாங்கிவருவார். அந்தப் பெண் மட்டும் மார்பு கனத்து, பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருப்பாள்.

அந்த வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் பிள்ளையின் மேல் இருக்கும் பாசத்தால்தான் அப்படிச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போகிறது. ‘எதுக்கும் நிறுத்திடலாம், எதுக்கு வம்பு’ என்ற பேச்சு முன்ஜாக்கிரதையின் சாயலில் வருவதால் மருத்துவர்களில் சிலரும் அதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: தாய்க்கு வரும் வழக்கமான நோய்கள் எதற்கும் பாலை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்துவதுதான் பிள்ளைக்கு ஆபத்து. இருப்பதிலேயே பாதுகாப்பான வழி என்று எண்ணி, ஆபத்தான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் ஜன்னி கண்டுவிடும் என்று நம் பாட்டிமார் நடுங்கியது வெறும் மூடநம்பிக்கை அல்ல. ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன் பிரசவக் காய்ச்சல் உலகம் முழுவதும் தாய்மாரைக் கொன்றுகொண்டிருந்தது. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் நீரில் கைகழுவினால் அந்தச் சாவுகள் குறையும் என்று 1847-ல் காட்டியபோது அவரைச் சக மருத்துவர்களே நம்பவில்லை. தாய் காய்ச்சலில் போவாள். அவளைத் தொடர்ந்து பிள்ளையும் போகும். இரண்டு சாவையும் அடுத்தடுத்துப் பார்த்த பெண்கள், தாயின் நோய் பால் வழியாகப் பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று கணித்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைக் கொன்றதில் தாயற்ற நிலைக்கும், பால் கிடைக்காமல் போனதற்கும், அதற்குப் பதிலாக வாயில் ஊற்றிய கண்டதற்கும் எவ்வளவு பங்கு என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் வைத்திய மரபில் இன்னொரு கூறும் உண்டு. பால்மாந்தம் என்று நோய்க்குப் பெயர் வைத்த அதே மரபுதான், பால்குடிப் பிள்ளைக்கு நோய் வந்தால் தாயை மருந்து உண்ணச் சொன்னது. பால் எதையோ கொண்டுபோகிறது என்று அவர்கள் கண்டது சரியே. எதைக் கொண்டுபோகிறது என்பதில்தான் இன்றைக்கு நமக்குக் கூடுதலாகத் தெரியும்.

தாய்க்குச் சளிக்காய்ச்சல் வந்தால் அந்தக் கிருமி மூச்சிலும் எச்சிலிலும் கையிலும் இருக்கிறது. உடம்பு சுடத் தொடங்கிய பிறகுதான் அது பரவும் என்பதில்லை; இன்புளூயன்சா காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாள் முழுக்கப் பிள்ளை எங்கே இருந்தது? அவள் மடியில், அவள் மூச்சுக்காற்றில். ஆக, தெர்மாமீட்டர் 101 காட்டும்போது பிள்ளையைப் பிரிப்பவர்கள் கிருமி போய்ச் சேர்ந்த பிறகு கதவைச் சாத்துகிறார்கள். அந்தக் கதவு தடுத்து நிறுத்துவது கிருமியை அல்ல, அதற்கான எதிர்ப்பை.

பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களில் தலையாயது இம்யூனோகுளோபுலின்-ஏ. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹான்சன் 1960-களின் தொடக்கத்தில் இதன் தனித்தன்மையைப் பாலில் கண்டு சொன்னார். தாயின் குடலிலோ மூச்சுப்பாதையிலோ ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் கண்டுகொண்ட அணுக்கள் இரத்தத்தில் பயணப்பட்டு மார்பின் பால்சுரப்பிகளுக்கும் வந்து சேருகின்றன. அங்கே அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான புரதத்தைச் சுரந்து பாலில் சேர்க்கின்றன. பிள்ளை அதைக் குடிக்கும்போது அது இரத்தத்துக்குள் போவதில்லை. தொண்டையிலும் குடலிலும் படர்ந்து நின்று, கிருமி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. பிறந்த குழந்தையின் உடம்பு இதைப் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். கடன் கொடுக்க ஒருத்திதான் இருக்கிறாள். அவள் எந்த நோயில் படுத்திருக்கிறாளோ அந்த நோய்க்கான மருந்து அந்த வாரத்துப் பாலில்தான் இருக்கிறது. அந்த வாரம் பார்த்துத்தான் நாம் நிறுத்துகிறோம்.

காய்ச்சலின் சூடு பாலைக் கெடுக்கும் என்பதும் தவறான பயம்தான். கறந்து வெளியே வைத்தால் கெடலாம். மார்புக்குள் பால் கெடாது. வெயிலில் போய்வந்த தாயிடம் ‘முதல் பாலைப் பீச்சிவிட்டுக் கொடு’ என்கிறார்களே, அதற்கும் அவசியமில்லை. தாய் செய்ய வேண்டியவை வேறு. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகக்கவசம் கட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளையின் முகத்தில் இருமக்கூடாது, முத்தம் கொடுப்பதைச் சில நாள் தள்ளிப்போட வேண்டும். டைபாய்டு போன்ற வயிற்று நோய் என்றால் கைகழுவுவதே பாதி மருத்துவம். மழைக்காலத்தில் ஊரையே படுக்கவைக்கும் டெங்கு வந்தாலும், தாய்க்குத் தெம்பிருக்கும்வரை பாலூட்டலாம் என்பதுதான் மருத்துவ உலகின் நிலை.

இந்த வாதங்கள் எல்லாம் உலகத்தின் கண்முன்னே ஒருமுறை சோதிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானபோது, அந்த நோயாளி ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். அடுத்த சில மாதங்களில் கொரோனாவோடு பிரசவித்த தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைப்பது நாட்டின் பல மருத்துவமனைகளில் வழக்கமானது. சீனாவில் தொடக்கத்தில் 14 நாள் பிரித்து வைக்கச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2020 ஏப்ரலில் தாயையும் சேயையும் தற்காலிகமாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு, பிறந்த குழந்தைகளின் தரவுகள் வந்ததும் ஜூலையில் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் தொடக்கம் முதலே பிரிக்காதீர்கள், முகக்கவசத்தோடு பால் கொடுங்கள் என்றுதான் சொல்லிவந்தது. எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு அணைத்துத் தாய்ப்பாலூட்டும் முறையைத் தொடர்ந்தால் 1,25,000-க்கும் அதிகமான உயிர்கள் காப்பாற்றப்படும், அதனால் கொரோனா தொற்றிக் குழந்தைகள் இறக்கும் அபாயமோ 2,000-க்கும் கீழ் என்று 2021 மார்ச்சில் அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. ஊரடங்கு, கவச உடை, அச்சம் என்று உலகமே நடுங்கிய ஒரு நோய்க்கே பாலை நிறுத்த நியாயம் கிடைக்கவில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு எப்படிக் கிடைக்கும்?

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற எண்ணத்துக்கு இன்னும் பழைய மறுப்பு நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை தந்தார்கள். வீடு என்றால் வசதியான வீடு அல்ல. நெருக்கடியான, ஏழை வீடுகள். 1959-ல் முடிவு வெளியானது. ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட நோய் கூடுதலாக வந்துவிடவில்லை. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஆய்வு அது. இன்றும் காசநோய்த் தாய்க்குச் சொல்லப்படுவது, மருந்தைத் தொடங்கு, முகக்கவசம் கட்டு, பால் கொடு, பிள்ளைக்குத் தடுப்பு மருந்து வாங்கிக்கொள் என்பதுதான். காசநோய்க் கிருமி பாலில் வருவதில்லை, மூச்சில் வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் மட்டும் மருத்துவர் வேறு ஏற்பாடு சொல்வார்.

ஹெபடைடிஸ்-பி உள்ள தாயும் அப்படியே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசி, அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசி. போட்டுவிட்டால் பாலூட்டத் தடையில்லை.

எச்.ஐ.வி.யைச் சொல்லி என்னை மடக்கலாம். அந்த வைரஸ் பால் வழியாகப் போகும் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் ‘நிறுத்திவிடு’ என்ற எளிய விடை எதில் முடிந்தது என்று போட்ஸ்வானாவைக் கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு அரசே பால்பவுடரை இலவசமாகக் கொடுத்துவந்த நாடு அது. 2005-ன் இறுதியிலும் 2006-ன் தொடக்கத்திலும் அங்கே பெருமழை பெய்து குடிநீர் கெட்டது. வயிற்றுப்போக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. மருத்துவமனைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காத பிள்ளைகள். 2010-ல் உலக சுகாதார நிறுவனம், தாய் கூட்டுமருந்து எடுத்துக்கொண்டால் பாலூட்டலாம் என்று வழிகாட்டுதலை மாற்றியது. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் திட்டமும், வாழ்நாள் முழுவதற்குமான மருந்தோடு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதையே முன்வைக்கிறது. இதில் நம் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருந்து கிடைக்காத அந்நாளில் டர்பனில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், தாய்ப்பாலை மட்டுமே குடித்த பிள்ளைகளைவிட, தாய்ப்பாலும் பிற உணவும் மாறி மாறிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கே தொற்று அதிகமாக இருந்தது. ‘பாதிக்குப் பாதி கொடுப்போம்’ என்று நாம் செய்யும் சமரசம் இருக்கிறதே, அது நடுநிலையான வழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நோய் பற்றிய பயத்தைவிட மருந்து பற்றிய பயம்தான் இன்று அதிகம் பிள்ளைகளைப் பாலிலிருந்து பிரிக்கிறது என்பது என் எண்ணம். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்கு நடுவே ஏதாவது மருந்துக்கடையில் ‘பால் குடுக்கிறவங்களுக்கு’ என்று சொல்லி மாத்திரை கேட்டுப் பாருங்கள். “மாத்திரை முடியற வரைக்கும் பால் குடுக்க வேணாம்” என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் பாலூட்டுபவர்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அச்சடித்திருக்கும். அந்த வரி பல நேரம், பாலூட்டும் பெண்களிடம் கம்பெனி அந்த மருந்தைச் சோதிக்கவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. வழக்கு வந்துவிடக் கூடாது என்று அச்சடிக்கும் வரியை மருத்துவ அறிவுரையாக வாசிக்கிறோம்.

தாய் விழுங்கும் மருந்தில் பாலுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். தாயின் எடைக்குரிய அளவோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குப் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் பெரும்பாலும் கவலையில்லை என்பது பொதுவான அளவுகோல். காய்ச்சலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால், வலிக்கு இபுபுரூபன், தொற்றுக்கு அமாக்சிசிலின், செபலெக்சின், அசித்ரோமைசின் எல்லாமே அந்தக் கோட்டுக்குள்தான் வருகின்றன. அமாக்சிசிலினைக் கைக்குழந்தைக்கே சொட்டு மருந்தாக எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளையின் வாயில் நேரடியாக ஊற்றத் தயங்காத மருந்து, தாயின் பாலில் துளியளவு வருகிறது என்றவுடன் விஷமாகிவிடுமா? அதே சமயம் கேட்காமல் வாங்கக் கூடாதவை உண்டு. கோடீன் கலந்த இருமல் டானிக், டிராமடால் வலி மாத்திரை, அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் பால் சுரப்பையே குறைத்துவிடும். இப்படி ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் மருந்தை மாற்றலாம். மாற்று மருந்து அநேகமாக எப்போதும் இருக்கும்.

பால்கட்டு விஷயத்தில் இந்த நம்பிக்கை செய்யும் கெடுதல் எல்லாவற்றையும் மிஞ்சியது. மார்பு சிவந்து, கல்லாக இறுகி, குளிர்க்காய்ச்சல் வரும் அந்த நிலையில் தாய்க்கு மருந்தே பால் வெளியேறுவதுதான். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் கட்டு இளகும். பாலில் உப்புச்சுவை சற்று ஏறுவதால் பிள்ளை முகம் சுளிக்கலாம். குடிப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. தேவைப்பட்டால் மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார், பாலூட்டலும் தொடரும். அங்கே போய் ‘கெட்ட பால், நிறுத்து’ என்றால் தேங்கிய பால் சீழ்க்கட்டியாகி, கத்தி வைத்துக் கீறும் நிலைக்குப் போகும். சிலர் வலி தணியட்டும் என்று மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பூவின் வேலை என்ன என்பது நம் பெண்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றக் கட்டுவது அது. இங்கிருந்து அதிக தூரமில்லாத வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைச் சோதித்து 1988-ல் எழுதினார்கள். பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரைக்குக் கிட்டத்தட்ட ஈடாக மல்லிகை வேலை செய்தது. பிள்ளை உயிரோடு, பசியோடு பக்கத்தில் கிடக்கும்போது அந்தப் பூவைக் கட்டாதீர்கள்.

நாலு நாள்தானே என்பார்கள். பால் கணக்கில் நாலு நாள் சிறிய காலம் அல்ல. உறிஞ்சாத மார்பு சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். பாட்டில் காம்பில் எளிதாக வந்ததைப் பழகிய பிள்ளை மறுபடி மார்பைப் பிடிக்க அடம்பிடிக்கும். ஐந்தாம் நாள், ‘இவளுக்குப் பால் வத்திப்போச்சு’ என்ற தீர்ப்பு அவள் தலையில் விழும். வற்றவைத்தது யார்?

அந்த நாலு நாளும் பிள்ளை வயிற்றுக்குள் எது போகிறது என்பதையும் பேச வேண்டும். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கும் பவுடர், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பசும்பால், சர்க்கரைத் தண்ணீர். கழுவியும் கழுவாமலும் காம்பில் தங்கும் பிசுக்கு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அரை நாளில் உடம்பு வற்றிவிடும். தாய்க்கு வந்தது சளிக்காய்ச்சல். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது பேதிக்காக. பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் தாய்ப்பால் உரியபடி கிடைத்தால் உலகில் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தடுக்கலாம் என்று 2016-ல் லான்செட் இதழ் மதிப்பிட்டது. நிறுத்துவதை ஆபத்தில்லாத காத்திருப்பு என்று நினைப்பவர்கள் அந்த எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

பழியை முழுக்க மாமியார்கள்மேல் போட்டுவிட்டு நகர்வதும் நேர்மை இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது நூற்றுக்கு 60 குழந்தைகளுக்கு மட்டும். மருத்துவமனைக்குள்ளேயே மீதிப் பேர் தவறவிட்டார்கள். அதே கணக்கில் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும் நிலையிலேயே அறுவை நடந்த தாயிடம், ‘உங்களுக்கு முடியல, ரெஸ்ட் எடுங்க, பிள்ளைக்கு நாங்க குடுத்துக்கிறோம்’ என்று சீம்பால் நேரத்தில் பவுடர் கொடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ‘தாய்க்கு முடியாவிட்டால் டப்பா’ என்ற பாடத்தைக் குடும்பம் முதலில் கற்பது அங்கேதான். பால்பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையும், மருத்துவப் பணியாளர்களுக்குக் கம்பெனிகள் சலுகை தருவதையும் 1992-ன் சட்டம் தடைசெய்கிறது. 2003-ல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. விளம்பரம் இல்லாமலேயே டப்பா விற்க, தாயின் உடல்நலக் குறைவு என்ற ஒரு வாசல் போதுமானதாக இருக்கிறது.

‘பாவம், காய்ச்சலோட எப்படிப் பால் குடுப்பா, ஓய்வு வேணாமா’ என்ற இரக்கப் பேச்சுக்கு வருகிறேன். ஓய்வு வேண்டும், நூறு முறை வேண்டும். ஆனால் காஞ்சிபுரத்துத் தறிவீட்டில் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு எது? சேலைக்கு இத்தனை என்று கூலி வாங்கும் வீட்டில், தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் பெண் கையில். ஒரு பட்டுச்சேலை இறங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தவணைக்குள் முடித்தால்தான் கூலி. 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு கொடுத்தார்கள், ஆனால் வீட்டுத்தறியில் உட்காருபவளுக்கு முதலாளி யார், விடுப்புச் சீட்டை யாரிடம் நீட்டுவாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்தான் அவளுக்கு உள்ள ஆதரவு. காய்ச்சலில் அவளைப் பால் கொடுக்க வேண்டாம் என்கிறவர்கள் தார் சுற்ற வேண்டாம் என்று சொல்வதில்லை, தண்ணீர்க் குடம் எடுக்க வேண்டாம் என்று சொல்வதில்லை, பாத்திரம் துலக்க வேண்டாம் என்று சொல்வதில்லை. அவள் செய்யும் வேலைகளில் படுத்துக்கொண்டே செய்யக்கூடியது பாலூட்டல் ஒன்றுதான். அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் அவளிடமே விட்டுவைக்கும் இரக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.

இதைவிட வருத்தம் ஒன்று இருக்கிறது. பாலை நிறுத்துவதில் காட்டும் அவசரத்தை, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் பல வீடுகள் காட்டுவதில்லை. பிரசவித்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு போக்கு, அதிக இரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் இதில் ஒன்று இருந்தாலும் அது கருப்பைத் தொற்றாகவோ வேறு பெரிய சிக்கலாகவோ இருக்கலாம். நாலு நாள் பார்ப்போம் என்று கஷாயம் வைக்கும் நேரமல்ல அது. பாட்டியின் பழைய பயத்துக்குச் சரியான இடம் அதுதான். அந்தப் பயத்தைப் பால்மேல் திருப்பிவிட்டதால் தாய்மேல் இருக்க வேண்டிய கவனம் தப்பிவிட்டது.

பாலை உண்மையிலேயே நிறுத்த வேண்டிய நிலைகள் உண்டு, ஆனால் அவை மிகச் சில. காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் தாய், தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொள்ளும் தாய், மார்பிலேயே ஹெர்ப்பிஸ் கொப்புளம் உள்ள தாய் (அந்தப் பக்கம் மட்டும்), எபோலா போன்ற அரிய கொடுநோய்கள். பிள்ளைக்கே பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாத கேலக்டோசீமியா என்ற பிறவிக்கோளாறு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குச் சின்னம்மை போட்டால் பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அங்கே பயப்பட வேண்டியது கொப்புளத்தைத் தொடுவதற்கும் மூச்சுக்கும். மார்பில் கொப்புளம் இல்லையென்றால் பாலைக் கறந்து கொடுக்கலாம்.

தாய் எழவே முடியாமல் தீவிர சிகிச்சையில் கிடந்தாலும் வழி உண்டு. கறந்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், நம் ஊர்க் கோடையில் அதற்கும் குறைவாக, வைத்திருக்கலாம். அதை நம் பாலாடையால் புகட்டலாம். பாட்டிலைவிடச் சுத்தம் செய்ய எளிது என்பதால் இந்தியப் பச்சிளங்குழந்தை மருத்துவப் பிரிவுகளே பாலாடையை எடுத்துக்கொண்டன. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் உண்டு. பவுடர் டப்பா அதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

காஞ்சிபுரத்து மாமியார்களையும் ஆயாக்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மருமகளுக்கு உடம்பு சுட்டால் பிள்ளையை அவளிடமே விடுங்கள், அடுப்படியையும் தார் ராட்டினத்தையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, பாலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவர்களே, பாலை நிறுத்தச் சொல்வதானால் எந்த மருந்துக்காக, எந்த நோய்க்காக, எத்தனை நாளுக்கு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தாய்மாரே, யாராவது நிறுத்து என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். உங்கள் கிராம அல்லது நகரச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள், சுகாதார உதவி எண் 104-ஐ அழைத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை பிள்ளை உங்கள் மார்பிலேயே இருக்கட்டும்.